தாத்தாவின் பிளேட்டு, தாயியின் குரல்

இராமலிங்க அடிகள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்ட நாள் 1874 ஜனவரி 30. அமெரிக்காவில் தாமஸ் எடிசன், பேசியதைப் பிடித்துவைத்துத் திரும்பச் சொல்லும் போனோகிராப் என்ற இயந்திரத்தைச் செய்துகாட்டிய ஆண்டு 1877. இடைவெளி மூன்றே ஆண்டு. வடலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் என் மாணவிகளுக்கு இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என் வழக்கம். வள்ளலாரின் எழுத்து நம்மிடம் இருக்கிறது. அவர் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. 1872-ல் தொடங்கிய ஞானசபையில் தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கிச் சோதி காட்டுகிறார்கள். அவர் குரல் மட்டும் இல்லை.

அவர் பாடல்களை முதலில் பதிவு செய்த குரல்கள் எவை என்று தேடினால் நாம் எதிர்பார்க்காத ஒரு வாசலில் போய் நிற்போம். அருட்பாவின் மிகப் பழைய இசைத்தட்டுகளில் ஒன்றில் பாடியிருப்பவர் ஓதுவார் அல்லர், சன்மார்க்க சங்கத்துப் பெரியவரும் அல்லர். தேவதாசி மரபில் பிறந்த ஒரு பெண். தட்டின் மேல் அவர் பெயர் கோயம்புத்தூர் தாயி.

இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. அவரைப் போன்ற பெண்களின் குரல் நம் வீட்டுப் பரணில் கிடந்தபோதும், அந்தக் குரலுக்கு உரியவர் யாரென்ற நினைவு அந்த வீடுகளில் எப்படி இல்லாமல் போனது என்பதையும் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டில் இருக்கும் ஒலிப்பதிவுகளில் ஆகப் பழையது எது, அதில் பாடுவது யார், அது யாருடையது என்று மூன்று கேள்விக்கு விடை எழுதி வரவேண்டும். இந்தப் பகுதி அதற்குத் தோதானது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ல் உருவானபின் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், ஆந்திரம், கேரளம், வடநாட்டிலிருந்தும்கூட வேலைக்கு வந்தவர்கள் நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் குடியேறினார்கள். வந்தவர்கள் பெட்டி படுக்கையோடு தத்தம் ஊர்ப் பாட்டையும் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்றபின் அவர்களில் பலர் வடலூரிலும் சுற்றுவட்டத்திலும் மனை வாங்கி வீடு கட்டினார்கள். ஆகவே இங்குள்ள பரண்களில் தஞ்சாவூரும் இருக்கும், திருநெல்வேலியும் இருக்கும், பாலக்காடும் இருக்கும்.

மாணவிகள் எழுதி வந்தவை பெரும்பாலும் கேசட்டுகள். சீர்காழி கோவிந்தராஜன், டி. எம். சௌந்தரராஜன், சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம். சிலர் வீட்டில் எல்.பி. ரிக்கார்டுகள். இரண்டு மூன்று வீடுகளில் மட்டும் கனமான கறுப்புத் தட்டுகள், தட்டினால் பீங்கான்போலச் சத்தம் வருபவை. மூன்றாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரி விடை எழுதியிருந்தார்கள். தாத்தாவுடையது, அப்பாவுடையது, பெரியப்பாவுடையது. பாடியது பெண்ணாக இருந்தபோதும், அதை நாள் முழுதும் கேட்டவள் வீட்டில் இருந்த பெண்ணாக இருந்தபோதும், உடைமை ஆணுடையது. வாங்கியவர் பெயர் நிலைத்திருந்தது. பாடியவர் பெயரை எழுதும் இடத்தில் பலர் ‘யாரோ ஒரு அம்மா’ என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கறுப்புத் தட்டு எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்கலாம். எமில் பெர்லினர் 1887-ல் காப்புரிமை பெற்ற கிராமபோனில் உருளைக்குப் பதில் தட்டையான வட்டு வந்தது. சில ஆண்டுகளில் அந்த வட்டு அரக்கில் வார்க்கப்பட்டது. அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்துக் குழைத்து, சூடாக்கி, அச்சில் அழுத்துவார்கள். உலகத்துக்கு அரக்கு கொடுத்ததில் முதன்மையான நாடு இந்தியா. சோட்டா நாகபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆதிவாசிகள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டிச் சேர்த்த பூச்சிப் பிசின் அது. நம் பெண்கள் கையில் வளையலாகவும், காலில் செம்பஞ்சுக் குழம்பாகவும் இருந்த அதே அரக்குதான் ஐரோப்பாவுக்குப் போய்ப் பாட்டாகத் திரும்பி வந்தது.

கிராமபோன் கம்பெனி சார்பில் பிரெட் கைஸ்பர்க் என்ற பதிவாளர் 1902 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு தற்காலிகப் பதிவுக்கூடம் அமைத்தார். அங்கே பாடியவர்களில் பெரும்புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பது அவர் தட்டுகளின் அடையாளம். அதற்கு ஒரு தொழில் காரணம் இருந்தது. பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய் அங்கே அச்சாகி வந்தன. மொழி தெரியாத தொழிலாளர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று குழம்பாமலிருக்கப் பாடுபவரே பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. கல்கத்தா சியால்டாவில் கம்பெனியின் தொழிற்சாலை வந்தது 1908-ல். தொழில் காரணம் எதுவாகவும் இருக்கட்டும், ஒரு இந்தியப் பெண் தன் பெயரைத் தானே பொதுவில் உரக்கச் சொல்லி, அதை விலைக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான வீடுகளில் அது திரும்பத் திரும்ப ஒலித்தது. கணவன் பெயரையே வாய்விட்டுச் சொல்லாத பெண்கள் வாழ்ந்த வீடுகள் அவை.

தெற்கேயும் அதே கதை. 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் சென்னைக்கு வந்த பதிவாளர்கள் முன்னால் பாடிய பெண்களின் பெயர்களைப் பாருங்கள். சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி. எல்லோரும் தேவதாசி மரபினர். ஆண் வித்துவான்களும் பாடினார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு இயந்திரத்தின் மேல் தயக்கம் இருந்தது. பிளேட்டில் பாடினால் குரல் போய்விடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. மூன்று, நாலு நிமிடத்துக்குள் ஒரு ராகத்தை முடிப்பது வித்தைக்கு இழுக்கு என்றார்கள். டீக்கடையிலும் செருப்பு மாட்டிய காலோடும் எவனோ கேட்பான் என்ற சாதிக் கவலையும் சேர்ந்திருந்தது. குலப்பெண்கள் பாடுவது பேச்சுக்கே இடமில்லாதது. எஞ்சியிருந்தவர்கள், பாட்டைத் தொழிலாகக் கற்று, சபை முன் பாடிப் பழகி, சம்பாத்தியத்தைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளும் வழக்கமுடைய பெண்கள். புதுக்கருவியை அவர்கள் முதலில் தொட்டதற்குத் துணிவு ஒரு காரணம். தம் பிழைப்பைத் தாமே முடிவு செய்யும் நிலையில் இருந்தது இன்னொரு காரணம்.

அந்தப் பதிவு எளிய வேலை அல்ல. மைக் கிடையாது. மின்முறைப் பதிவு 1925க்குப் பிறகுதான் வந்தது. அதுவரை ஒரு பெரிய தகரக் குழலின் வாய்க்குள் முகத்தை வைத்துப் பாடவேண்டும். மேல்ஸ்தாயி போகும்போது சற்றுப் பின்வாங்க வேண்டும், தாழும்போது நெருங்கவேண்டும். கீழ்ச்சுருதி ஒலிகளைக் குழல் சரியாக வாங்காது. மிருதங்கத்தின் தொப்பி ஒலி அநேகமாகக் கேட்காது. தட்டின் சுழல்வேகமும் அப்போது ஒரே சீராக வரையறுக்கப்படவில்லை. மெதுவாகச் சுழலும்போது பதிவான தட்டை நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓட்டினால் குரல் ஏறிக் கீச்சென்று கேட்கும்.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அந்தக் காலப் பெண் குரல்களைப் பற்றிய கேலி ஒன்று இன்றும் உலவுகிறது. மூக்கால் பாடுவார்கள், கீச்சுக்குரல், கத்தல் என்று. கேட்கும் நமக்கும் பாடிய அவருக்கும் நடுவில் ஒரு தகரக் குழலும் தவறான வேகமும் தேய்ந்த ஊசியும் இருக்கின்றன. ஒலிபெருக்கி இல்லாத கூடத்தில் கடைசி ஆள்வரை கேட்க உயர்ந்த சுருதியில் பாடிய தொழில்முறைக் குரல் அது. மைக் வந்தபின் பெண்களின் சுருதி படிப்படியாக இறங்கியது. அதன்பிறகு மென்குரலே பெண்குரல் என்றானது. பழைய குரலைப் பிழை என்று சொல்லும் காது அந்தப் பிற்காலத்தில் பழக்கப்பட்ட காது.

இனி தாயிக்கு வருகிறேன். 1872-ல் பிறந்தவர், இயற்பெயர் பழனிகுஞ்சரம். சென்னைக்கு வந்து பாடிப் புகழ்பெற்று, நிறைய இசைத்தட்டுகள் கொடுத்து, 1917-ல் மறைந்தார். வாழ்ந்தது நாற்பத்தைந்து ஆண்டு. ஞானசபை தொடங்கிய ஆண்டும் அவர் பிறந்த ஆண்டும் ஒன்று என்பது தற்செயல்தான். ஆனால் அவர் வளர்ந்த காலம் அருட்பாவுக்கு நெருக்கடியான காலம். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியில் அச்சாயின. அவை அருட்பா அல்ல, மருட்பா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை பிணக்கு போயிற்று. நாவலரும் வள்ளலாரும் மறைந்தபின்னும் இருதரப்பு அறிஞர்களும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கண்டனமும் மறுப்புமாக எழுதித் தீர்த்தார்கள். எது வேதத்துக்கு நிகரான பாட்டு, எதைக் கோயிலில் பாடலாம் என்று அந்த ஆண்கள் அச்சில் வழக்காடிக்கொண்டிருந்த நாட்களை ஒட்டி, தாயி அந்தப் பாட்டை ராகமாலிகையாகப் பாடித் தட்டில் பதிந்தார். காசு கொடுத்தால் எந்தச் சாதிக்காரரும் வாங்கலாம், வாங்கமுடியாதவர் தெருவில் நின்று கேட்கலாம்.

அந்தத் தட்டு போன தூரம் வியப்பானது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், ராவெலின் மாணவர், 1912-ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்தார். தாயியின் குரலில் மயங்கி அவர் தட்டுகளோடு பாரீஸ் திரும்பினார். பிறகு அவர் எழுதிய ‘ராகமாலிகா’ என்ற பாடல், தாயி பாடிய அந்த அருட்பா இசைத்தட்டை ஏறக்குறைய அப்படியே பியானோவுக்கும் குரலுக்கும் பெயர்த்தெழுதியது. இந்த உறவை விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஜான் பாஸ்லர் என்ற அமெரிக்க இசை வரலாற்றாளர், அவரும் ஒரு பெண். தாளவாத்தியத்தின் அடக்கமான ஒலி வரவேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்தியின் அடியில் அட்டைத் துண்டு செருகும்படி தெலாஜ் குறித்துவைத்தார். பியானோவுக்குள் பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் நவீன உத்திக்கு இது மிக முந்திய சான்றுகளில் ஒன்று என்று மேற்கத்திய இசை வரலாறு பேசுகிறது. பாரீஸ் மேடையில் ஐரோப்பியப் பாடகியர் வடலூர் வள்ளலாரின் தமிழைத் திக்கித் திக்கிப் பாடினார்கள் என்றால் அதற்குக் காரணம் தாயி.

வடலூரில் இதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடும் ஊர் இது. மைக்செட்டில் அதிகாலை முதல் அருட்பா ஒலிக்கிறது, பெரும்பாலும் ஆண் குரலில். வள்ளலாரோ, கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்கவேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே எழுதிவைத்தவர். அவர் பாட்டைக் கடல் கடத்திய பெண்ணின் பெயர் அவர் ஊரில் ஒரு சுவரில்கூட இல்லை.

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தை மாணவிகளுக்குக் காட்டி, அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதுண்டு. முதற்காலத் தட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் பாட்டு இருக்கும், மறுபக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். சின்னம், சிறகு முளைத்த குழந்தை உட்கார்ந்து தட்டில் எழுதும் படம். குழலுக்குமுன் உட்கார்ந்த நாய் பின்னால் வந்தது. காகிதத்துக்கு வெளியே, பளபளப்பான அரக்கில் நகக்கீறல்போல ஒரு எண் பொறித்திருக்கும். பதிவின் வரிசை எண் அது. எந்தப் பயணத்தில், ஏறக்குறைய எந்த ஆண்டில் பதிவானது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் வரலாற்றுக்கு எண்ணைவிடப் பெயர் அதிகம் சொல்லும். சேலம் கோதாவரி. கோயம்புத்தூர் தாயி. ஊர் இருக்கிறது, தன் பெயர் இருக்கிறது, நடுவில் அப்பாவும் இல்லை, கணவரும் இல்லை. இதே மரபில் பின்னால் வந்தவர்களின் தலைப்பெழுத்தைப் பிரித்துப் பாருங்கள். எம். எஸ். என்றால் மதுரை சண்முகவடிவு. கே. பி. என்றால் கொடுமுடி பாலாம்பாள். எம். எல். என்றால் மெட்ராஸ் லலிதாங்கி. மூன்றும் ஊரும் அம்மாவும். தாயின் பெயரை முன்னெழுத்தாகப் போட இன்று எங்கள் மாணவிகள் அலுவலகம் அலுவலகமாக விளக்கம் சொல்கிறார்கள். அரக்குத் தட்டில் அது நூறு ஆண்டுக்கு முன்பே கேள்வியில்லாமல் அச்சாகியிருந்தது.

இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு பிரச்சினை எழும், எழவேண்டும். “அப்ப தேவதாசி முறை நல்லதா மேடம்?” என்று ஒரு பெண் கேட்பாள். இல்லை. அந்தக் கேள்விக்கு மழுப்பலில்லாமல் பதில் சொல்லவேண்டியது எங்கள் கடமை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த முறைக்குள் விற்கப்பட்டு, அதிலிருந்து வெளியேறி, அதை ஒழிக்க வாழ்நாள் முழுதும் உழைத்தவர். 1936-ல் வெளிவந்த அவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலைப் படித்தவர்கள் அந்த முறையின் கொடுமையை அழகுபடுத்தமாட்டார்கள். தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் சட்டமன்றத்தில் போராடினார். 1947-ல் சட்டம் வந்தது. சிறுமியரைப் பொட்டுக்கட்டுவது நின்றது. அது பெண்களின் வெற்றி.

அதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள், முத்துப்பழனி என்ற 18ஆம் நூற்றாண்டுப் பெண் கவிஞரின் தெலுங்குக் காவியமான ‘ராதிகா சாந்தவனமு’வை 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடை செய்தது, தடை நீங்க 1947 ஆயிற்று. திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சம்பாத்தியத்தில் அவர் கோயில் கட்டி எழுப்பினார், 1925-ல் அது நிறைவுற்றது. ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றபோது, 1927 முதல் பெண்களுக்கென்று தனிக் கூட்டம் சேர்த்துப் பாடவைத்தார். ஒழிப்புச் சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்த பெண்களின் பக்கமும் அவர் நின்றார். இராமாமிர்தம் அம்மையாரையும் நாகரத்தினம்மாளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிற பக்குவம் நமக்கு வேண்டும். ஒருவர் அந்த வாழ்க்கையின் அடிமைத்தனத்தைச் சொன்னார், மற்றவர் அதற்குள் பெண்கள் ஈட்டிவைத்திருந்த கல்வியையும் சொத்தையும் பேரையும் காப்பாற்றப் பார்த்தார். முறை ஒழிந்தது நியாயம். முறையோடு சேர்த்து அந்தப் பெண்களின் கலைக்கான உரிமையையும் துடைத்தெடுத்தது நியாயமல்ல.

இசைத்தட்டுச் சந்தையில் இந்த மாற்றம் வெளிப்படையாகத் தெரியும். 1930களில் மின்பதிவும், மலிவான தட்டுகளும், சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற விற்பனையாளர்களும் வந்து கிராமபோன் நடுத்தர வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது. வீட்டுக்குள் வரும் குரல் ‘குடும்பக் குரலாக’ இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. டி. கே. பட்டம்மாள் போன்ற பிராமணப் பெண்கள் மேடைக்கும் தட்டுக்கும் வந்தது ஒரு தடையுடைப்பு, அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1926-ல் பத்து வயதில் தாயின் வீணையோடு முதல் தட்டைக் கொடுத்த எம். எஸ். சுப்புலட்சுமி, பிறகு மனைவியாகவும் பக்தையாகவும் நாட்டுக்கே காட்டப்பட்டார். கணவர் கிட்டப்பா 1933-ல் இறந்தபின் வெள்ளைச் சேலை உடுத்திய கே. பி. சுந்தராம்பாளின் கணீர்க்குரலை நாடு துறவுக் குரலாக ஏற்றுக்கொண்டது. குரலைக் கேட்க நமக்குத் தடையில்லை, ஆனால் குரலின் பின்னால் உள்ள பெண் மனைவியாகவோ கைம்பெண்ணாகவோ பக்தையாகவோ இருந்தாக வேண்டும். அமாண்டா வீட்மன் என்ற மானிடவியலாளர், கர்நாடக இசையில் ‘இயல்பான பெண்குரல்’ என்ற கருத்தே இப்படித்தான் உருவாக்கப்பட்டது என்று 2006-ல் வெளியான தம் நூலில் காட்டுகிறார். கையசைக்காமல், முகம் நெளிக்காமல், உடம்பே இல்லாததுபோலப் பாடுவது ஒழுக்கம் ஆயிற்று. உடம்பை மறைத்துக் குரலை மட்டும் தரும் கிராமபோன் அதற்கு வசதியான கருவியாயிற்று. தாயிக்கும் கோதாவரிக்கும் இந்தப் புது வீட்டில் இடமில்லை.

அந்த வகுப்பு வேலையின்போது ஒரு மாணவி சொன்னதை இங்கே குறிக்கவேண்டும். அவள் வீட்டுப் பரணில் ஐந்து கறுப்புத் தட்டுகள் இருந்தன. அவளுடைய ஆயாவிடம் கேட்டிருக்கிறாள். ஆயா அவற்றைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “அத எதுக்குடி எடுத்த, அதெல்லாம் நம்ம வீட்டுச் சங்கதி இல்ல” என்றாராம். அவள் விடாமல் கேட்டபின், தன் அம்மாவைப் பெற்றவள் பாட்டுக் கற்றவள் என்றும், கல்யாணம் பேசி வரும்போது அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று வைத்திருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். தட்டுகளை உடைக்கவும் மனமில்லை, கீழே வைக்கவும் துணிவில்லை. அறுபது ஆண்டாகப் பரணிலேயே இருந்தன. அந்த மாணவி அதை வகுப்பில் படிக்கவில்லை, என்னிடம் தனியாகத்தான் சொன்னாள். அவள் பெயரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. அவமானம் மூன்று தலைமுறை தாண்டியும் உயிரோடிருக்கிறது என்பதற்கு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டதே சான்று.

சேகரிப்பாளர்களை நன்றியோடு நினைக்கிறேன். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் ஒற்றை மனிதராகப் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்துக் காப்பாற்றினார். மும்பையில் 1990-ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தொடங்கியது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் இசைத்தட்டுகள் பேணப்படுகின்றன. இவர்கள் இல்லையென்றால் தாயியின் குரல் இன்று நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் சேகரிப்பு என்ற பழக்கமே பணமும் தனியறையும் பழைய சாமான் கடைகளில் அலையும் ஓய்வும் உடையவர்களுடையது. அது நெடுங்காலம் ஆண்களின் உலகமாகவே இருந்தது. தட்டின் நிலை, அரிதுத்தன்மை, விலை எல்லாம் அங்கே பேசப்படும். பாடியவரின் வாழ்க்கையைக் கேட்பது நம் வேலையாக மிஞ்சுகிறது.

இன்னொரு பெரிய வெற்றிடத்தையும் சொல்லியாகவேண்டும். தட்டில் பாடிய பெண்கள் ஒடுக்கப்பட்டார்கள் என்று பேசும் நாம், தட்டுக்கே வராத பெண்களை மறந்துவிடக்கூடாது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எதையும் பதிய எந்தக் கம்பெனியும் சேரிக்கு வரவில்லை. அவர்களுடைய ஆகப் பழைய ஒலிப்பதிவு 1980களின் கேசட்டாகத்தான் இருக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் கொண்டுவந்த கேசட், இங்கே ஏழை வீடுகளை எட்ட இருபது ஆண்டு பிடித்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன பையன் வாங்கிவந்த டேப் ரிக்கார்டரில் வீட்டுச் சாவில் அத்தையின் ஒப்பாரி பதிவாயிற்று. அந்தக் காலத்தில்தான் கொல்லங்குடி கருப்பாயி போன்ற ஒரு கிராமத்துப் பெண் ‘ஆண்பாவம்’ (1985) படம் வழியாகத் தமிழ்நாடு முழுதும் கேட்டார். சுரங்கத்துக்காக இடம்பெயர்ந்த இந்தப் பகுதி ஊர்களில் எத்தனையோ வயல்கள் இன்று பெருங்குழிகள். அந்த வயல்களில் நட்டபோது பாடிய பெண்களின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. ஒரு மாணவி தன் விடைத்தாளில், எங்கள் வீட்டில் ஆகப் பழைய ஒலிப்பதிவு இறந்துபோன அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்செய்தி, அரிசி வாங்கி வரச் சொல்வது என்று எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். கௌஹர் ஜான் தட்டுக்கும் அந்தக் குரல்செய்திக்கும் வரலாற்றில் இடம் ஒன்றுதான்.

ஆகவே இதைப் படிக்கும் பெண்களிடம் சில வேலைகளைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் கறுப்புத் தட்டு இருந்தால் படுக்கவைத்து அடுக்காதீர்கள், பாரத்தில் விரிசல் விடும், புத்தகம்போல நிறுத்திவையுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கு கரையும். பழைய இரும்பு ஊசியில் ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பாட்டு தூளாகப் போகும். நடுக் காகிதத்தையும் பொறித்த எண்ணையும் செல்போனில் படமெடுங்கள். கேசட் இருந்தால் இப்போதே கணினிக்கு மாற்றுங்கள், நாடா நெடுநாள் தாங்காது. வீட்டில் முதிய பெண் இருந்தால், தட்டு யார் வாங்கியது என்பதோடு நிறுத்தாமல், யார் கேட்டார்கள், யார் கேட்கக்கூடாது என்றார்கள், கேட்டு யார் பாடக் கற்றார்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக, தட்டை வைத்திருக்கும் உறையின் மேல் ஒரு பென்சில் எடுத்து எழுதுங்கள். தாத்தா வாங்கியது என்று எழுதுவதில் தவறில்லை, அவர் காசு கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் வரியில், கொஞ்சம் பெரிய எழுத்தில், பாடியவரின் பெயரை எழுதுங்கள்.